லகரத்துக்கு ஒரு துதிக்கை

17.1.54 ஞாயிறு

பொங்கலுக்கு வந்த பத்திரன் இன்று காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஏறிவிட்டான். வீரபத்திரன் என்று முழுப்பெயர். என் மகன் காய்ச்சலில் போன பிறகு நான் தூக்கி வளர்த்த பேரன். கோழிக்கறி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். சோற்றைக் கரண்டியால் அள்ளப் பார்த்தான், கையில் ஒன்று வைத்தேன்.

ஒரு பெரிய செய்தி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு நாள் கல் சுமந்தவன் இப்போது மேசனாம்! துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதுக் கட்டிடம் கட்டுகிறார்கள், பொதுக் கட்டிடம்.

"பொதுக் கட்டிடம்னா, அதுக்கு ஒரு பேரு கிடையாதாடா?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்தான். கர்ப்பக்கிருகத்தில் பேசுகிறவன் மாதிரி மெதுவாக, "மலசலகூடம் அப்பாயி" என்றான். எவ்வளவு பக்தி!

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்தத் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில் என் வயதில் ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான் ஒருத்திதானே. மலை, சலம், கூடம். மலையிலிருந்து வரும் தண்ணீருக்கான கூடம். நம்ம ஓடைத் தண்ணீர்தான் நோர்வூட் ஆற்றில் விழுந்து, களனி கங்கையோடு சேர்ந்து கொழும்புக்குப் போகிறது என்று அந்தக் காலத்திலேயே எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார். குடிக்கிற தண்ணீருக்கு நன்றியாக இப்போதாவது ஒரு கூடம் கட்டத் தோன்றியதே அவர்களுக்கு! கட்டுவது யார்? மலையில் பிறந்த பிள்ளை.

ஆனால் பத்திரன் 'மல' என்றுதான் சொல்கிறான். பட்டணத்துப் பேச்சு. 'லை' எழுதும்போது லகரத்தின் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைக்கவேண்டும், பட்டணத்துக்காரர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். நான் வைத்தே எழுதுகிறேன்: மலைசலக் கூடம்.

18.1.54

தாய்மார் கொழுந்து எடுக்கப் போனதும் பிள்ளைமடுவத்தில் நான் பார்த்துக்கொள்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் இன்று வயிற்றுப்போக்கு. எழுத நேரமில்லை. கையிலும் இன்னும் வாடை.

24.1.54 ஞாயிறு

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். முக்கியமாகக் காளியாயிக்குக் கேட்கும்படி.

காளியாயியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். அவளுடைய மகன் அழகையா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அது போதும் அவளுக்கு, கழுத்து திரும்புவதில்லை. அழகையாவின் மகள் ரத்னாவைத்தான் பத்திரனுக்குக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கும் இவன்மேல்தான் மனசு. தீபாவளிக்குக் கேட்டபோது காளியாயி, "கல்லு சுமக்குற பயலுக்குக் கணக்கப்பிள்ளை மகளையா?" என்றாள். ரத்னா கிடைக்காவிட்டால் துறைமுகத்தில் நிற்கிற ஏதாவது ஒரு கப்பலில் ஏறிப் போய்விடுவேன் என்கிறான் இவன். சொன்னால் செய்கிறவன். அவனும் போய்விட்டால் எனக்கு யார்?

"என் பேரன் கொழும்புல மலைசலக் கூடம் கட்டுறான்" என்றேன்.

"அப்படின்னா? உள்ள என்ன மதினி இருக்கும்?"

பத்திரனிடம் எல்லாம் கேட்டு வைத்திருந்தேன். எடுத்து விட்டேன். "வரிசையா அறை. அறைக்கு ஒரு கதவு. ஒவ்வொண்ணுலயும் குழாய்த் தண்ணி. நெஞ்சு உசரத்துக்கு வெள்ளைப் பீங்கான் ஓடு. ஆம்பளைக்குத் தனி வாசல், பொம்பளைக்குத் தனி வாசல்."

"யாரு தங்குறாங்க?"

"தங்க மாட்டாங்க. வருவாங்க, கொஞ்ச நேரம் உக்காருவாங்க, மனசு லேசாகிப் போயிருவாங்க." லேசாகிப் போவாங்க என்றுதான் பத்திரன் சொன்னான், மனசு என்பது நான் சேர்த்தது.

"சாதி கீதி?"

"பாக்குறதே இல்லயாம். கப்பல்கார வெள்ளைக்காரனும் வருவானாம்."

காளியாயி வாயைத் திறந்தபடி நின்றாள். குடம் வழிந்து ஓடியது. "கோயில் மாதிரி இருக்கே மதினி" என்றாள். கோயில் மாதிரிதான் என்றேன்.

ஆனாலும் அவள் காளியாயி அல்லவா? "கண்ணால பாத்துட்டுத்தான் பொண்ணைப் பத்திப் பேசுவேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். பாரேன்! வந்து பாரேன்!

2.2.54

பள்ளிக்கூடத்து செல்லசாமி வாத்தியார் மடுவத்து வாசலில் வந்து நின்றார். கையைப் பிசைந்தார். "அக்கா, நீங்க பீலிக்கரையில சொன்ன அந்தக் கூடம்... அந்தச் சொல்லு... அதைப் பிரிச்சுப் பாத்தா..."

"பிரிச்சுப் பாத்துட்டேன் தம்பி. நானும் அஞ்சாம் வகுப்பு" என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மடியில் இருந்த பிள்ளை அந்த நேரம் பார்த்து என் சேலையை நனைத்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். படித்தவர்களுக்குப் பொறாமை அதிகம்.

14.3.54 ஞாயிறு

மாரியம்மன் தேர். இந்த வருஷம் தண்ணீர்ப் பந்தல் என் பொறுப்பு. வெறும் பந்தலாக விட மனசு வரவில்லை. தகரத்தில் சுண்ணாம்பால் நானே எழுதி முகப்பில் கட்டினேன்: மலைசலக் கூடம். 'லை' அழகாக வந்தது, யானை ஆசீர்வாதம் செய்கிற மாதிரி.

சனம் வந்து வந்து பானகம் குடித்தது. சீனி கொடுத்த ஹட்டன் கடை முதலாளி பலகையைப் படித்துவிட்டு, "இது என்னம்மா பேரு?" என்றார். கொழும்பில் என் பேரன் கட்டுகிற கூடத்தின் பெயர், துறைமுகத்துக்குப் பக்கத்தில், அறை அறையாக, என்று விளக்கினேன். பானகம் அவருக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார். முதுகில் தட்டிவிட்டேன். கண்ணில் தண்ணீரோடு, "இன்னொரு டம்ளர் வேணாம்மா, இங்க வச்சு வேணாம்" என்றார்.

சுக்கு கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

18.4.54 ஞாயிறு

வருஷப் பிறப்புக்கு வந்திருந்த பத்திரன் இன்று திரும்புகிறான். கருத்து இளைத்திருக்கிறான். அத்திவாரம் தோண்டத் தோண்ட கடல் தண்ணீர் ஊறுகிறதாம், இறைத்து இறைத்துத்தான் கல் வைத்தார்களாம். மலைத் தண்ணீருக்குக் கூடம் என்றதும் கடலே வந்து எட்டிப் பார்க்கிறது! இதைப் பீலிக்கரையில் சொல்லவேண்டும்.

காளியாயி கூடத்தைப் பார்க்க வரப்போகிறாள் என்று சொன்னதும் இவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்பாயி, ஒண்ணு சொல்லணும். அது வந்து... அது வந்து ஒரு கக்..."

"என்னடா இருமல்?"

"இருமல் இல்ல அப்பாயி. கக்... கக்..."

பாவம், கடற்காற்று நெஞ்சில் கட்டிக்கொண்டது. பேசாதே என்று அதட்டி, சுக்குக் காப்பி போட்டு ஒரு செம்பு முழுவதும் குடிக்க வைத்தேன். பீலிக்கரையில் ரத்னாவைப் பார்த்தபோது ஏதோ சொன்னான் போலிருக்கிறது. அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடியது. வெட்கம்.

13.6.54

கூடம் திறந்தாயிற்று என்று பத்திரன் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறான். பார்க்க வரவேண்டாம், வெயில் அதிகம் என்றும் சொன்னானாம். வெயிலாம்! அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று அதே ஆளிடம் சொல்லியனுப்பினேன். காளியாயி, ரத்னா, நான். என் காஞ்சிபுரத்தை வெயிலில் போட்டேன். பூச்சி இரண்டே இடத்தில்தான் அரித்திருக்கிறது.

22.6.54

நேற்று எழுதமுடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஞாயிறன்று ஹட்டனில் காலை ரயில். மூன்றாம் வகுப்பில் நுவரெலியா முட்டைக்கோஸ் மூட்டைகளை ரயில் கக்கூஸ் கதவுக்கு முன்னால் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காளியாயி நாவலப்பிட்டியில் தேத்தண்ணி குடித்தாள், ரம்புக்கனையில் இன்னொன்று, பொல்காவலையில் இளநீர். ராகமையில் பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. கொழும்பின் பிரமாண்டத்தை நினைத்து அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

கோட்டை ஸ்டேசனில் ஒரு கூலித் தம்பியிடம், "மலைசலக் கூடம் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"என்ன கூடம்?"

"புதுசா தொறந்தது. துறைமுகத்துப் பக்கம். எல்லாரும் வந்து போற கூடம்."

அவன் காளியாயியை மேலும் கீழும் பார்த்தான். "அந்தம்மா நிக்கிறதப் பாத்தாலே தெரியுது. நேரா போய் இடது பக்கம் திரும்புங்க. ஓடுங்க ஓடுங்க."

ஓடினோம். காளியாயிதான் முன்னால். அப்படி ஒரு ஆர்வம் அவளுக்கு என்று எனக்குக் கண் கலங்கியது.

கூடத்தைப் பார்த்ததும்... அய்யோ, பொய் சொல்லக்கூடாது, அழகு. வெள்ளைச் சுவர். வளைவு வைத்த வாசல். கூரைக்குக் கீழே பூ வேலை செய்த சீமெந்து ஜன்னல், அதன் வழியாகக் கடற்காற்று. காளியாயி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பெண்கள் வாசலில் துடைப்பத்தோடு நின்ற அம்மாள் காதில் ஏதோ கேட்டாள், உள்ளே பாய்ந்துவிட்டாள். பின்னால் ரத்னாவும்.

நான் நிதானமாகப் பலகையைப் படித்தேன். மூன்று பாஷையில் இருந்தது. தமிழில்: மலசலகூடம். துதிக்கை இல்லை.

துடைப்பத்து அம்மாளிடம் மரியாதையாகச் சொன்னேன். "பலகையில எழுத்துப் பிழை இருக்கு தாயி. லகரத்துக்குத் துதிக்கை விட்டுட்டாங்க."

"என்ன துதிக்கை?" என்றாள் அவள். "கக்கூஸும்மா இது. போறதுன்னா போ, இல்லாட்டி வழிய விடு."

பலகையை மறுபடி ஒரு தரம் படித்தேன். திரும்பினேன். தூணுக்குப் பின்னால் பத்திரன் நின்றான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அழுகிற முகத்தோடு.

"நான் சொல்லத்தான் வந்தேன் அப்பாயி. நீதான் சுக்குக் காப்பி குடுத்துட்ட."

தண்ணீர்ப் பந்தல்! அம்மன் தேர் அன்று அந்தப் பலகைக்குக் கீழே ஊரே பானகம் குடித்ததே! ஆத்தா, மன்னிச்சுக்க.

23.6.54

காளியாயி வெளியே வர வெகு நேரம் ஆனது என்பதை நேற்று எழுத விட்டுவிட்டேன். மற்ற பெண்கள் போய் வந்துகொண்டே இருந்தார்கள், இவள் மட்டும் வரவில்லை. உள்ளேயிருந்து டக், டக், டக் என்று ஏதோ சத்தம். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. பத்திரன் வாங்கிக் கொடுத்த சோடாவையும் குடிக்கவில்லை. மாலை ரயிலில் ஹட்டன் வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. ரத்னா ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தது. அழுதது என்று நினைத்தேன். சிரித்திருக்கிறது.

எனக்கும் அவசரம்தான். ரோசத்தில் போகவில்லை. நாவலப்பிட்டியில் ரோசம் போய்விட்டது. ஆனால் முட்டைக்கோஸ் மூட்டைக்குப் பதில் அங்கே இப்போது கருவாட்டுக் கூடை.

24.6.54

பீலிக்கரைக்குப் போகவில்லை. மழைத் தண்ணீரில் சோறு ஆக்கினேன்.

27.6.54 ஞாயிறு

என்ன ஒரு வாழ்க்கை! நான் மடுவத்துல பிள்ளைங்களுக்குக் கழுவி விடுறேன், என் பேரன் கொழும்புல ஊருக்கே கழுவ இடம் கட்டுறான். குடும்பத்தோட இதே தொழில்தானா எங்களுக்கு? கல்லே சுமந்திருக்கலாம். கோயில் கட்டியிருக்கலாம். ஏன்டா உனக்கு வேற கட்டிடமே கிடைக்கலையா? கணக்கப்பிள்ளை வீட்டுச் சம்பந்தம் போச்சு. அவன் கப்பல் ஏறிருவான். எல்லாம் இந்த அஞ்சாம் வகுப்பால. நாலோட நின்னிருந்தா சலம்ன்னா தண்ணின்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

வாத்தியார் கூடையில் மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையும் கேட்காமல் போனார். நல்ல மனுஷன். பொறாமை என்று எழுதியதை அடித்துவிட்டேன்.

4.7.54 ஞாயிறு

காளியாயி வந்தாள். வெற்றிலைத் தட்டோடு வந்தாள்!

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள் உள்ளே வந்து பலகைமேல் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள்.

"மதினி, உள்ளாற தாப்பா இருக்கு, பாத்தியா?"

"நான் உள்ள போகல."

"போகலயா! அடிப் பைத்தியக்காரி! கதவு, மதினி. ஆளுக்கு ஒரு கதவு. கதவுக்கு உள்பக்கம் பித்தளைத் தாப்பா. போட்டேன், எடுத்தேன், போட்டேன், எடுத்தேன். இந்த வயசுக்கு நான் எனக்குன்னு ஒரு கதவ உள்ளருந்து பூட்டுனது அதான் மொதத் தடவ."

அந்த டக் டக் சத்தம்!

"நம்ம லயத்துல என்ன இருக்கு?" என்றாள். எனக்குத் தெரியாதா? கீழே பழைய கக்கூஸ் ஒன்று இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷம்தான் அதன் கதவு போனது, கூரைத் தகரம் அதற்கு முன்னாலேயே போய்விட்டது. விடியும் முன்னால் தேயிலைக்குள் போகிறோம். ஒருத்தி போனால் ஒருத்தி காவல். மழைக்காலத்தில் குனிந்தால் அட்டை. எங்கே கடித்தது என்று டிஸ்பென்சரி ஐயாவிடம் காட்டவும் முடியாது, சொல்லவும் முடியாது. பகலில் வந்தால் பொழுது சாயும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுக்கவேண்டும்.

"பிள்ளப்பேறு முடிஞ்ச மூணாம் நாளு நான் அந்த மழையில போயிருக்கேன் மதினி" என்றாள் காளியாயி. அழகையா பிறந்த மழை எனக்கும் நினைவிருக்கிறது. அன்று காவலுக்கு நின்றவள் நான்தான்.

பிறகு அவள் பழைய காளியாயி ஆனாள். "பொண்ணக் குடுக்குறேன். ஆனா உன் பேரன் இந்த லயத்துக்கு அதே மாதிரி கட்டணும். பொம்பளைக்குத் தனியா. கூடம் மொதல்ல, கல்யாணம் பொறகு. தாப்பா நான் வாங்குவேன்."

தட்டை வாங்கிக்கொண்டேன்.

18.7.54

கூடம் கட்ட அனுமதி வேண்டும் என்று அழகையா தோட்டத்துத் துரையிடம் கேட்டாராம். துரை மூன்று தரம் தலையை ஆட்டினாராம். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. ஆமாம் என்றே வைத்துக்கொண்டு பழைய தேயிலை ஸ்டோரை இடித்த கல்லையும் தகரத்தையும் தூக்கி வந்துவிட்டோம்.

15.8.54 ஞாயிறு

பத்திரன் கொந்தராத்துக்காரரிடம் லீவு சொல்லி வந்து வேலை தொடங்கிவிட்டான். பீலிக்கு மேலே கட்டக்கூடாது, கீழேதான், தண்ணீரில் கலந்துவிடும் என்றான். எவ்வளவு அறிவு! இதைக் கட்டவும் படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

காளியாயி குடையோடு வந்து பக்கத்தில் நின்று மேற்பார்வை. "மாப்ள, சுவரு கோணுதே." கோணவில்லை. அவள் குடைதான் கோணல். ரத்னா கல் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு கல் கொடுக்க இவ்வளவு நேரம் ஆகுமா? நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

12.9.54

மழை. நேற்று வைத்த சுவர் விழுந்தது. காளியாயி துரையைத் திட்டினாள், வானத்தைத் திட்டினாள், என்னையும் திட்டினாள். பத்திரன் மறுபடி அடிக்கல்லிலிருந்து தொடங்கினான்.

31.10.54 ஞாயிறு

முடிந்தது. நாலு அறை, நாலு கதவு. பீங்கான் ஓடு இல்லை, சீமெந்துதான். கையை வைத்தால் வழுக்குகிறது. காளியாயி ஹட்டனில் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். பார்த்தால் கடைக் கதவுக்குப் போடுகிறது! ஒரு முழம் நீளம். வேறு வேண்டாம், இதுதான் வேண்டும் என்கிறாள்.

வாத்தியார் பெயின்ட் டப்பாவோடு பலகை எழுத வந்தார். பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி எழுதட்டும் அக்கா?"

சரியானது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். "சரியா இருக்கிற மாதிரியே எழுதுங்க தம்பி" என்றேன்.

வாத்தியார் ம எழுதினார். ல எழுதப் போனார். காளியாயி குறுக்கே குடையை நீட்டினாள்.

"மதினி பந்தல்ல எழுதுன மாதிரி எழுதுங்க. அதுதான் நல்லா இருந்துச்சு. யானை மாதிரி. மலையில இருக்கிற கூடத்துக்கு மலைன்னு போடாம?"

வாத்தியார் சிரித்தார். துதிக்கையை நான் வைத்ததைவிடப் பெரிதாகவே வைத்தார்.

7.11.54 ஞாயிறு

பத்திரனுக்கும் ரத்னாவுக்கும் கல்யாணம் நல்லபடி முடிந்தது. காஞ்சிபுரத்தில் இப்போது ஓட்டை மூன்று. வந்த சனம் மணமக்களைப் பார்த்ததைவிட அதிகமாக வரிசையில் நின்று கூடத்தைத்தான் பார்த்தது. ஹட்டன் முதலாளி சீனி மூட்டை அனுப்பியிருந்தார். பானகம் வீட்டில் வைத்துத்தான் கொடுத்தோம்.

21.11.54 ஞாயிறு

நல்ல மழை. விடியும் முன்னால் கூடத்துக்குப் போனேன், காவலுக்கு ஆள் இல்லாமல். தாழ்ப்பாளைப் போட்டேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அட்டை இல்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். "எவடி அது உள்ள? மதினியா? அடியே, சீக்கிரம் வா!"

மற்ற மூன்றிலும் ஆள் இருந்திருக்கும் போல. காளியாயி மழையில் காலை மாற்றி மாற்றி வைப்பது கதவுக்கு அடியில் தெரிந்தது.

"ஆள் இருக்கு" என்றேன். அவசரப்படவில்லை.